ஃபிரிட்ஜ் மேல் வந்தமர்ந்த ஓங்யா

கதவைத் திறந்தால் முதலாளி நிற்கிறார். ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை, மறு கையில் கழற்றிய ஷூ. துபாய் கராமாவில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் அன்றைக்கும் படுத்துவிட்டதால் நான்கு மாடி ஏறி வந்திருந்தார். நூறு கிலோ உடம்பு. மூச்சு வாங்கியது.

“மிஸ்டர் ஷான், ஓங்யா ஃப்ரீயா?” என்றார்.

உள்ளே ஏதோ மீட்டிங் நடப்பது போலக் கேட்டார். ஃப்ரீதான், வாருங்கள் என்றேன். என் பெயர் சண்முகம். அதில் பாதிக்கு மேல் அவர் வாயில் நுழைந்ததில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தி குரல் கொடுத்தாள். “ஏங்க, அவரு வந்துட்டாரா? டீக்கு சீனி போடவா வேண்டாமான்னு கேளுங்க. போன தடவ அரை டம்ளர் மிச்சம் வச்சிட்டுப் போனாரு.”

அவர் டீ குடிக்க வரவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பலாமா என்று கேட்க வந்திருந்தார். கேள்வி எனக்கில்லை. எங்கள் ஹாலில் பழைய ஃபிரிட்ஜ் மேல் அமர்ந்திருந்த ஒன்றரை அடி உயரச் சீனத்துச் சாமிக்கு.

அது நான்காவது முறை. கடைசி முறையும் அதுதான், ஏனென்றால் அடுத்த வியாழக்கிழமை என் விசா முடிகிறது. சாமி சரி என்று சொல்லிவிட்டால் விசா புதுப்பிக்கப்படாது. கம்பெனி கொடுத்த இந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

உள்ளறையில் என் மகன் அகில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். விசா முடிந்தபின் கிடைக்கும் அவகாச நாட்களை நான் எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும், அவனுடைய கடைசிப் பரீட்சைக்கு முன்பே அவை தீர்ந்துபோயின. நடுவில் அவனைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் ஒரு வருஷம் போச்சு. அந்த ஜனவரி முழுக்க எனக்கு இது ஒன்றுதான் கவலை.

இப்படி ஒரு நிலைமைக்கு நானும் லின் முதலாளியும் அவருடைய ஊர்ச்சாமியும் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாஷ்பேசின்களுக்கு நடுவே ஒரு ராஜா

லின்னுக்குத் தென்சீனக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். துபாயில் சீனர்கள் கடை வைத்திருக்கும் பெரிய சந்தையில் வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை, குழாய், ஷவர் என்று மொத்த வியாபாரம். நான் டாக்குமென்டேஷன். கப்பலில் வரும் கன்டெய்னருக்குள் என்னென்ன இருக்கிறது என்று சுங்கத்துக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்காமலேயே இன்னதுதான் இருக்கிறது என்று உறுதி கூறுகிற தொழில். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

ஓங்யாவை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்ததும் நான்தான். பொருளின் விவரம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று லின்னைக் கேட்டேன்.

“கிங்,” என்றார்.

“எந்த நாட்டு கிங் சார்?”

“மை வில்லேஜ் கிங்.”

சுங்கத்தில் ராஜாக்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ‘மர அலங்காரப் பொருள், ஒன்று’ என்று எழுதி அனுப்பினேன். நூற்றுக்கணக்கான வாஷ்பேசின்களுக்கு நடுவே தெர்மோகோலில் புதைந்து, கிரீடம் நசுங்காமல் வந்து சேர்ந்தார்.

ஓங்யா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் ராஜா ஐயா என்பது போல. ஊருக்கு ஊர் வேறு வேறு ஓங்யா உண்டு. லின் ஊர் ஓங்யா ஒரு காலத்தில் படித்த மனிதராக இருந்தாராம். ஊர்க் கிணற்றில் விஷம் கலந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. தானே ஒரு வாளி இறைத்துக் குடித்துக் காட்டிச் செத்துப்போனார். அதனால்தான் முகம் கறுப்பு. உயிரோடு இருந்தபோது காது கொடுக்காத ஊர், செத்த பிறகு கோவில் கட்டி வருஷா வருஷம் திருவிழா எடுக்கிறது. இதில் சீனாவுக்கும் திருநெல்வேலிக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

சாமிக்கும் ஞாயிறுதான் லீவு

ஓங்யாவின் பிறந்தநாள் சீனப் பஞ்சாங்கப்படி அந்த வருஷம் செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை கன்டெய்னர் இறக்க வேண்டும். அதனால் ஓங்யா ஞாயிற்றுக்கிழமை பிறந்துகொண்டார்.

சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நம் ஆட்களின் பொங்கல் விழா ஒன்றுக்குப் போயிருக்கிறேன். ஹால் கிடைத்த தேதியில், அதாவது மாசி மாதத்தில், இண்டக்ஷன் அடுப்பில் பொங்கல். செயலாளர் பட்டுவேட்டியோடு சுவிட்சைத் தட்டினார். தலைமை விருந்தினர் பேசி முடிப்பதற்குள் ஹாலுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. பால் அசையவே இல்லை. “பொங்கியாச்சுன்னு வச்சுக்குவோம், எல்லாரும் குலவை போடுங்க” என்றார் செயலாளர். போட்டோம்.

லின் கோடவுனில் அவர் ஊர்க்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் திருவிழா நடத்தினார்கள். அவர்கள் ஊரில் பல்லக்கை எட்டுப் பேர் தோளில் தூக்கிக் குலுக்கிக்கொண்டே தெருத் தெருவாக ஓடுவார்களாம். இங்கே எட்டுப் பேருக்கும் முதுகு வலி. பல்லக்கைச் சரக்கு தள்ளும் பாலெட் டிராலியில் ஏற்றித் தள்ளினார்கள். பட்டாசு கூடாது என்பதால் பேக்கிங்குக்கு வைத்திருந்த பபுள்ராப்பைத் தரையில் விரித்து, சாமி கடக்கும்போது படபடவென்று வெடிக்கும்படி எல்லோரும் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். புகை வந்தால் அலாரம் அடிக்கும் என்பதால் நுனியில் சிவப்பு பல்பு எரியும் பேட்டரி ஊதுபத்தி. முழுப் பன்றிக்குப் பதில் மாவில் செய்து அவித்த பன்றி. அதற்குக் கண் வைத்த இரண்டு மிளகில் ஒன்று விழுந்துவிட்டது.

காயல்பட்டினத்துக்காரரான ஸ்டோர்கீப்பர் நூர்தீன் காக்கா வெளியே லோடு சரிபார்த்துக்கொண்டிருந்தவர், பக்கவாட்டுக் கதவு வழியாகத் தலையை நீட்டினார். “அண்ணாச்சி, ஒங்க தேரு கமோடு அடுக்குல சிக்கிருக்கு. கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க. ஒடஞ்சா என் தலையிலதான் விடியும்.”

ரிவர்ஸ் எடுத்தார்கள். சாமி பின்பக்கமாக ஊர்வலம் போனார்.

பட்டியலை நீட்டிய பாவம்

திருவிழாவின் முக்கியமான காரியம் சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கும். அடுத்த ஒரு வருஷம் சாமியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு செய்வது சாமியே. பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் புடைப்பு. பக்தர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் சாமி முன் படித்துக் கட்டைகளைப் போடுவார்கள். ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு என்று விழுந்தால் சம்மதம். இரண்டும் புடைப்பு என்றால் மறுப்பு. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறார், கேள்வியே சரியில்லை என்று அர்த்தம். யாருக்குத் தொடர்ந்து அதிகம் சம்மதம் விழுகிறதோ அவருக்குப் பதவி.

லின் பதினோரு வருஷமாக இந்தப் பதவிக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து அவருடைய அப்பா போனில் கேட்கும் முதல் கேள்வியே அதுதானாம்.

அந்த வருஷம் இன்னொரு தலைவலி. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுடைய ஓங்யாவுக்கு எழுதிய பட்டியல் சுவர் நீளத்துக்கு இருந்ததாகக் கேள்விப்பட்டார். லின் ஊர்ப் பட்டியல் ஒரு முழம்தான். லின் யோசித்தார். ஆபீஸ் ஊழியர்கள் பெயரையெல்லாம் எழுதிச் சேர்த்துவிட்டார். நான், மலப்புறத்து டிரைவர், மூன்று வருஷம் முன்பு லீவில் போய்த் திரும்பி வராத பிலிப்பினோ பெண் எல்லோரும் ஒரே நாளில் பக்தர்களானோம். நூர்தீன் காக்கா மட்டும், “மொதலாளி, நம்ம பேரு வேணாம், மன்னிச்சுக்கிடணும்” என்று கும்பிடாத குறையாகச் சொல்லி வெட்டிவிட வைத்தார். புத்திசாலி.

பட்டியலில் என் பெயர் ஏறிய அதே வாரத்தில்தான் லின் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “மிஸ்டர் ஷான், ஜனவரி விசா கல்லாஸ். யூ ஆல்சோ கல்லாஸ். நியூ சாஃப்ட்வேர் கமிங்.” கல்லாஸ் என்றால் இந்த ஊரில் முடிந்தது என்று அர்த்தம்.

மகனுக்குப் பரீட்சை இருக்கிறது, மார்ச் முடியட்டும் என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

“எக்ஸாம்? ஓ. குட் லக்,” என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஏழு முறை

கட்டை போடுகிறவர் மேடம் ஹுவா. சந்தைக்குப் பின்னால் நூடுல்ஸ் கடை நடத்தும் அம்மாள். அறுபது தாண்டியவர், யாருக்கும் அடங்காதவர். பாகிஸ்தானி டிரைவர்களிடம் கற்ற இந்தி சரளமாக வரும், அதிலும் வசவுகள் மிகச் சரளமாக வரும்.

லின் பெயருக்கு முதல் வீச்சிலேயே இரண்டும் புடைப்பு. பன்னிரண்டாவது வருஷமும் மறுப்பு. மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று விழுந்தது. திரும்பி வராத பிலிப்பினோ பெண்ணுக்கே இரண்டு சம்மதம்.

அடுத்து ஷான். சம்மதம். மறுபடி சம்மதம். ஐந்தாவது சம்மதத்தில் பேச்சு நின்றது. ஏழாவதில் எல்லோரும் கைதட்டி, யாரந்தச் சீனர் என்று திரும்பித் திரும்பித் தேடினார்கள். நான் காகிதத் தட்டில் நூடுல்ஸோடு மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

லின் ஓடிவந்தார். அவன் நம் ஊர் இல்லை, சும்மா எழுதிய பெயர் என்று அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மேடம் ஹுவா எங்களுக்கும் புரியட்டும் என்றே இந்தியில் ஆரம்பித்தார்.

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

“ஓங்யாகிட்ட பொய்ப் பட்டியல் குடுத்தியா?”

அம்மாள் மறுபடி கட்டை போட்டு, இந்த ஆளைத்தான் சொல்கிறீர்களா என்று சாமியைக் கேட்டார். சம்மதம்.

“அவனுக்கு ஜனவரியோட விசா முடியுது,” என்றார் லின்.

“விசா கோன் தேதா ஹை?” என்றார் அம்மாள். விசா கொடுப்பது யார்?

கோடவுனில் இருந்த அத்தனை பேரும் லின்னைப் பார்த்தார்கள். அவர் முகம் ஓங்யா முகத்தைவிடக் கறுத்தது. கடைசியில் ஒரு பழைய விதியைப் பிடித்துக்கொண்டார். சாமி இருக்கிற வீட்டுக்கே போய், அமாவாசைக்கு மறுநாளோ பௌர்ணமியன்றோ கேட்டு, தொடர்ந்து மூன்று சம்மதம் வாங்கினால் ஆளை மாற்றலாம்.

“அப்ப போ. அவன் வீட்டுல போய்க் கேளு,” என்றார் மேடம் ஹுவா.

வசந்தியின் தீர்ப்பு

சாமியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து டாக்ஸியில் கொண்டுவந்தேன். வசந்தி வாசலிலேயே நிறுத்தினாள்.

“என்னங்க இது? கோழி திங்கிற சாமியா?”

“வாத்தும் சாப்பிடுமாம்.”

“நடக்காது. ஒங்க ஆபீஸ்லயே வச்சுக்கிடச் சொல்லுங்க. ஆமா, மூஞ்சி ஏன் இப்படி கறுத்துக் கெடக்கு?”

கிணற்றுக் கதையைச் சொன்னேன். துண்டை விலக்கிப் பார்த்தாள். “வெஷம் குடிச்ச சாமின்னா நம்ம சாமிதான்” என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று ஹாலில் நெஞ்சளவு உயரத்தில் சும்மா நின்றது. அதைத் துடைத்து, கோலம் போட்ட துணி விரித்து ஏற்றி வைத்தாள். ஓங்யா அன்றிலிருந்து சுண்டலுக்கு மாறினார்.

அகில் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். “அப்பா, வாட் இஃப் ஹி கெட்ஸ் த்ரீ?”

மூணு விழாதுடா, நீ படி என்றேன். அவன் என்னையே பார்த்தான், பிறகு போய்ப் படித்தான்.

லின் வந்தார். முதல் முறை, எடுத்த எடுப்பிலேயே மறுப்பு. இரண்டாம் முறை ஒரு சம்மதம், பிறகு மறுப்பு. மூன்றாம் முறை இரண்டு சம்மதம் விழுந்து, மூன்றாவதில் சாமி சிரித்தார். வசந்தி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “இம்ப்ரூவ்மென்ட்” என்று சொல்லிக்கொண்டு ஷூவை மாட்டினார் லின்.

என்னை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்க என் வீட்டுக்கே வருவார். நான் கதவு திறப்பேன், என் மனைவி டீ போடுவாள், அவர் எங்கள் ஃபிரிட்ஜை மூன்று முறை குனிந்து கும்பிடுவார். இதில் எல்லோரும் மரியாதை குறையாமல் நடந்துகொண்டோம் என்பதுதான் இன்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஃபிரிட்ஜுக்கு அடியில்

அந்த நான்காம் முறைக்கான பௌர்ணமி சனிக்கிழமை மதியம் வாய்த்தது. ஆரஞ்சுகளை அடுக்கினார். கும்பிட்டார். கட்டைகளை இரு கையிலும் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்.

சம்மதம்.

இரண்டாவது. சம்மதம்.

வசந்தி டீ டிரேயோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அகில் பௌதிகப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான். நான் ஓங்யாவைப் பார்த்தேன். மர அலங்காரப் பொருள் என்று எழுதியதற்கு மன்னித்துவிடு, இரண்டு மாசம், இரண்டே மாசம் கொடு என்று மனசுக்குள் கதறினேன். எனக்கு வேண்டுதல் பழக்கமில்லை. அன்றைக்கு வேண்டினேன்.

மூன்றாவது போட்டார். ஒரு கட்டை அவர் காலடியில் தட்டைப் பக்கம் மேலாக விழுந்து நின்றது. மற்றது மேஜைக்காலில் அடித்து, டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போய், ஃபிரிட்ஜுக்கு அடியில் மறைந்தது.

“டோன்ட் டச்!” என்று கத்தினார் லின். பார்க்குமுன் தொட்டால் செல்லாதாம்.

அது புடைப்பாகக் கிடந்தால் சம்மதம், எங்கள் கதை முடிந்தது. தட்டையாகக் கிடந்தால் சாமி சிரிக்கிறார், பிழைத்தோம். நான் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். மறுபக்கம் லின்னும் இறங்கினார். ஒரு முழங்கால், மறு முழங்கால், பிறகு வயிறு. அந்த உடம்பு அவ்வளவு கீழே போகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடியில் வெங்காயச் சருகு, ஒரு பேனா மூடி, காய்ந்த எலுமிச்சம்பழம். அதற்குப் பக்கத்தில் கட்டை.

புடைப்பு.

கண்ணை உயர்த்தினேன். கட்டைக்கு அந்தப் பக்கம், தரையில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு லின் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் டார்ச். இரண்டு பக்க வெளிச்சமும் கட்டைமேல்தான் விழுந்தது. அதைவிடத் தெளிவாக ஒன்றைப் பார்க்க முடியாது.

“ஏங்க, என்ன விழுந்துருக்கு? சொல்லுங்களேன்,” என்றாள் வசந்தி.

“தட்டை,” என்றேன். பிறகு அவருக்காக, “ஃப்ளாட். லாஃபிங்.”

என் வாய்தான் சொன்னது. பார்க்காத பொருளுக்கு ஆயிரம் முறை கையெழுத்துப் போட்டவன், கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் ‘நோ’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

லின் என் கண்ணையே பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

“லாஃபிங்.”

கையை விட்டுக் கட்டையை அவரே எடுத்துக்கொண்டார். அவரை எழுப்ப நானும் அகிலும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. சட்டையெல்லாம் தூசி. டீயை முழுக்கக் குடித்தார். ஷூவை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து, “பாஸ்போர்ட் காப்பி, ஜல்தி” என்றார். என் விசா விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.

அகில் எல்லாப் பரீட்சையும் எழுதினான். இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் இருக்கிறான். சாமி சிரித்துக் காப்பாற்றினார் என்று வசந்தி இன்றும் பௌர்ணமிக்குப் பாயசம் வைக்கிறாள். அவள் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவள். இந்த வாரம் வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியவில்லை.

லின் ஏன் அப்படிச் சொன்னார்? இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா செத்துப்போன டிரைவருக்கு, கன்டெய்னர் வரட்டும் பிறகு போ என்று சொன்ன மனிதர் அவர். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையே ஒரு ஸ்பெல்லிங் தப்புக்காக ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கிழித்தார்.

அவரைத் திட்டித்தான் இருபத்திரண்டு வருஷம் என் பாரத்தை இறக்கியிருக்கிறேன். மெட்ரோவில் திட்டுவேன், டீக்கடையில் திட்டுவேன், வீட்டுக்கு வந்து மிச்சத்தை வசந்தியிடம் திட்டுவேன். அது ஒன்றுதான் எனக்கு இந்த ஊரில் இலவசமாகக் கிடைத்த சுகம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, திட்ட வாயெடுத்தால் தரையில் ஒட்டிக் கிடந்த அந்தக் கன்னம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒரு நல்ல வசவைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை.